வடிகாலுக்குப் போட்ட மாலை

வடிகால் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரும்படி கேட்டார்கள். நாலு வார்த்தையில் என்னால் ஒரு வடிகால் மூடியைப் பற்றிக்கூடப் பேசி முடிக்க முடியாது. அதனால் கொஞ்சம் நீளும். குழாயின் விட்டம், சரிவு, கம்பி கட்டும் முறை எல்லாம் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதில் நான் தலையிடப் போவதில்லை. ஓய்வுபெற்றுவிட்ட எனக்கு அதெல்லாம் பாதி மறந்தும் போயிற்று.

முதலில் ஒரு விஷயம். நாம் பார்ப்பது மழைநீர் வடிகால். கழிவுநீர் போகும் குழாய் வேறு, அதைப் பார்ப்பவர்கள் வேறு. அவர்கள் வேலை நம்முடையதைவிடக் கடினம், அதனால் அவர்கள்மேல் எனக்கு மரியாதை அதிகம். ஆனால் இரண்டையும் சேர்த்து 'சாக்கடை' என்று சொல்கிறவர்களோடு நான் கல்யாணப் பந்தியில்கூடப் பக்கத்தில் உட்கார மாட்டேன். என் வீட்டுக்காரர் மட்டும் விதிவிலக்கு. அவரோடு உட்காராமல் இருக்க முடியாது.

அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். கல்யாணமான புதிதில் காசிமேட்டுக்குப் போகலாம் என்று நான் சொன்னதும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். கடல் பார்க்க என்று நினைத்திருக்கிறார். நான் அவரைக் கூட்டிப் போய் நிறுத்தியது, ஒரு பழைய வடிகால் கடலில் போய் விழும் இடத்தில். செங்கல்லை வளைத்துக் கட்டிய வாய் அது. ஒரு கல்கூடப் பெயரவில்லை. நான் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாமே இது," என்றார். "சாக்கடையப் பாக்கவா பவுடரு போட்டுகினு வந்தே?"

"சாக்கடை இல்லய்யா. மழைத்தண்ணி போற வழி."

"மழத்தண்ணிதான் எங்க வூட்டுக்குள்ளயே வந்துகினு கீதே. அங்கயே குந்திப் பாத்திருக்கலாம்."

அன்றைக்கு அப்படிப் பேசியவர்தான். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை காலையானால் எனக்கு முன்னால் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கிறார். சிலர் பறவை பார்க்கிறார்கள், சிலர் ரயில் எஞ்சின் பார்க்கிறார்கள். நாங்கள் வடிகால் பார்க்கிறோம். ராயபுரத்தில் தேய்ந்துபோன வார்ப்பிரும்பு மூடிகள் சில உண்டு, கையால் தடவினால்தான் எழுத்து தெரியும். எண்ணூரில் கழிமுகத்துப் பக்கம் ஒரு வடிகால் வாயில் இரும்புக் கதவு தொங்குகிறது. கடல் ஏறினால் தானாக மூடிக்கொள்ளும், இறங்கினால் தானாகத் திறந்துகொள்ளும். அதைப் பார்க்க நாங்கள் தூக்குச் சட்டியில் இட்லி கட்டிக்கொண்டு போவோம். திருவொற்றியூரில் ஒரு திருப்பத்தில் வடிகால் பழைய புங்கமரத்துக்காக வளைந்து போகிறது. யாரோ ஒரு பொறியாளர் மரத்தை வெட்ட மனமில்லாமல் வரைபடத்தில் கோட்டை வளைத்திருக்கிறார். அவர் யாரென்று தெரியாது, ஆனால் அந்தத் திருப்பத்தைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு அவர்மேல் அன்பு வருகிறது.

இந்தப் பித்து எனக்கு யாரிடமிருந்து தொற்றியது என்றால், என் முதல் மேலதிகாரியிடமிருந்து. அவர் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் எங்கிருந்தாவது வந்து எழுத்துப்பிழை பார்ப்பார். அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு எலுமிச்சம்பழம் இருக்கும். வடிகால் அடைத்திருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால், தண்ணீர் ஓடும்போது மேல் முனையில் பழத்தைப் போடுவார். கீழ் முனையில் ஓர் ஆளை நிறுத்தியிருப்பார். பழம் வந்தால் வழி சுத்தம். வராவிட்டால் நடுவில் எங்கோ கோளாறு. எலுமிச்சம்பழம் மிதக்கும், மஞ்சளாக இருப்பதால் அழுக்குத் தண்ணீரிலும் கண்ணில் படும், கடைசியில் விட்டுப்போனாலும் யாருக்கும் கெடுதல் இல்லை என்பார்.

ஒருநாள் மூலக்கொத்தளத்தில் இடுகாட்டுக்குப் பக்கத்துத் தெருவில் இதைச் செய்திருக்கிறார். மழைத் தூறலில் ஒரு மனிதர் இடுகாட்டோரம் குனிந்து, குழிக்குள் எலுமிச்சம்பழம் போட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? தெருவே சூழ்ந்துகொண்டது. யாருக்குய்யா செய்வினை வைக்கிறாய் என்று சட்டையைப் பிடித்துவிட்டார்கள். அவர் அடையாள அட்டையைக் காட்டி விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கூட்டம் கலைந்த பிறகு ஒரு அம்மாள் மட்டும் போகாமல் நின்றாளாம். குரலைத் தாழ்த்தி, "சார், எம் மருமவன் குடிய நிறுத்தறதுக்கு எதுனா செய்வியா?" என்று கேட்டாளாம். இவர் யோசித்துவிட்டு, "முதல்ல உங்க வூட்டு வாசல்ல தண்ணி போற ஓட்டய அடைக்காம வையிங்க. மருமகன அப்பறம் பாக்கலாம்," என்றாராம்.

அந்தக் கடைசி வரியை நான் ஒரு வேடிக்கையாகத்தான் வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது எவ்வளவு பெரிய தொழில் ரகசியம் என்று போன மழைக்காலம்தான் எனக்குப் புரிந்தது.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஆயுத பூஜைக்கு அலுவலகத்தில் ஜீப்புக்குப் பொட்டு வைப்போம், பம்புக்கு வைப்போம், கடப்பாரைக்கு வைப்போம், ஏன், பஞ்ச் செய்யும் கருவிக்குக்கூட வைப்போம். வடிகாலுக்கு மட்டும் யாரும் வைப்பதில்லை. வருஷம் முழுவதும் உழைப்பது யார்? எனக்குப் பொறுக்கவில்லை. அதனால் ஓய்வுபெற்ற பிறகு நானும் வீட்டுக்காரரும், அந்த வருஷம் எங்கள் மனதைக் கவர்ந்த வடிகால் எதுவோ அதன் மூடிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு சாமந்தி மாலையும் பொட்டு வைத்த எலுமிச்சம்பழமும் உள்ளே போட்டு, அந்தத் தெருவுக்குப் பொரிகடலை கொடுக்க ஆரம்பித்தோம். இதுதான் எங்கள் பரிசு. நடுவர்கள் இருவரும் நாங்களே. சிபாரிசு எடுபடாது.

போன வருஷம் பரிசு பெற்றது தண்டையார்பேட்டையில் ஒரு தெரு. கரீம் பாயின் மெத்தைக் கடை அங்கேதான் இருக்கிறது. வீட்டுக்காரருக்கு அவர் பழைய தோஸ்து. கடை தெருவைவிடத் தாழ்ந்தது. ஒவ்வொரு தடவை சாலை போடும்போதும் தெரு ஏறியது, கடை இருந்த இடத்திலேயே இருந்தது. எதிர்ப்பக்கம் நீளத்துக்குப் புது வடிகால். அதன் மேல்தளமே நடைபாதை. பாய் அதில்தான் பஞ்சைக் காயப் போடுவார்.

அந்த வடிகாலின் ஒரு மூடியைத் திறந்து குனிந்தவள் நிமிரவே இல்லை. அவ்வளவு சுத்தம். ஒரு பிளாஸ்டிக் பை இல்லை, சேறு இல்லை, வாடை இல்லை. சிமெண்டு இன்னும் வெள்ளையாக இருந்தது. விளக்கடித்துப் பார்த்தால் வெளிச்சம் நேராகப் போய்க்கொண்டே இருந்தது. என் பணிக்காலம் முழுவதும் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. எனக்குக் கண் கலங்கியது என்று சொன்னால் சிரிப்பீர்கள், சிரியுங்கள்.

"கட்டில் போட்டுப் பட்த்துக்கலாம் போலக் கீது," என்றார் வீட்டுக்காரரும்.

மாலை போட்டோம். பொரி கொடுத்தோம். கரீம் பாய் பொரியை மென்றுகொண்டே கேட்டார்: "மேடம், நெஜமாவே இது அவ்ளோ நல்ல கால்வாயா?"

"வடசென்னையிலேயே இதுக்கு ஈடு கிடையாது பாய். உங்க தெருவுல தண்ணி நின்னா என்னைக் கேளுங்க."

இதில் எது ஆபத்தான வாக்கியம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாய் ஒவ்வொரு வருஷமும் மழைக்கு முன்னால் பஞ்சு மூட்டைகளை முதுகு ஒடிய மாடிக்கு ஏற்றுகிறவர். அந்த வருஷம் ஒரு மாணவர் விடுதிக்கு மெத்தை தைக்கும் பெரிய வேலை வந்திருந்தது. கடை நிறையப் பஞ்சு. இலவம்பஞ்சு நனைந்தால் தீர்ந்தது, காய வைத்தாலும் கட்டி தட்டிப் போய்விடும். அந்தப் பஞ்சு போனால் பாய்க்கு அந்த வருஷப் பிழைப்பே போயிற்று. என் வார்த்தையை நம்பி அவர் ஒரு மூட்டையைக்கூட மேலே ஏற்றவில்லை.

மழை வந்தது. விடியற்காலையில் பிடித்து விடாமல் பெய்தது. காலைப் பலகாரத்துக்கு நாங்கள் உட்காரும் நேரத்தில் பாயிடமிருந்து போன். "மேடம், உங்க பிரைஸ் வாங்குன கால்வாய வந்து பாருங்க," என்றார். கோபமாகப் பேசவில்லை. தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினோம்.

போய்ப் பார்த்தால் தெரு குளமாக நிற்கிறது. கடை வாசலில் பாய் பஞ்சு மூட்டைகளுக்கு முன்னால் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். மனைவியும் மகளும் மேல் வரிசை மூட்டைகளை மாடிக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றையும் ஏற்ற நேரம் போதாது என்பது பார்த்ததுமே தெரிந்தது. தெருத் தண்ணீரைத் தடுக்க வாசலில் உயர்த்திக் கட்டியிருந்த படியின் விளிம்பைத் தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்தது.

நான் எதிர்ப்பக்கம் போய் நடைபாதையில் ஏறினேன். வடிகால் நிரம்பி வழிகிறது, எங்கோ கீழே அடைப்பு, அவ்வளவுதான் என்று எண்ணியபடி வீட்டுக்காரரை மூடியைத் தூக்கச் சொன்னேன். அவர் கடப்பாரையை மாட்டி நெம்பினார். நாங்கள் இருவரும் உள்ளே எட்டிப் பார்த்தோம்.

உள்ளே காய்ந்து கிடந்தது. எங்கள் சாமந்தி மாலை வாடி, சுருண்டு, போட்ட இடத்திலேயே படுத்திருந்தது. அதன் பக்கத்தில் எலுமிச்சம்பழம். அதில் நான் வைத்த குங்குமம் அழியவில்லை. வெளியே தெருவில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர், உள்ளே சாமி படத்துக்கு முன்னால் வைத்தது மாதிரி பழம் உட்கார்ந்திருக்கிறது.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "இதுல தண்ணியே பூந்தது இல்லமே," என்றார். "அதான் அம்மாம் சுத்தம்."

எனக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. போவதற்கு மூடியும் திறந்துதான் இருந்தது.

தெருத் தண்ணீர் வடிகாலுக்குள் போவதற்கு அதன் பக்கச் சுவரில், சாலை மட்டத்தில், வரிசையாகத் துளைகள் இருக்க வேண்டும். நான் தண்ணீருக்குள் கைவிட்டுத் தடவினேன். துளை இருக்க வேண்டிய இடத்தில் சிமெண்டுப் பூச்சு. அடுத்ததிலும் பூச்சு. இன்னொன்றில் செங்கல்லும் சாக்கும். பரிசு கொடுத்த அன்றைக்கு இவற்றின் முன்னால் மோட்டார் சைக்கிளும் பூந்தொட்டியும் தட்டுவண்டியும் நின்றன. அவற்றை நகர்த்திப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. நான் உள்ளழகில் மயங்கிக் கிடந்தேன்.

"யாரு அடைச்சது இதெல்லாம்?" என்று கத்தினேன்.

தெருக்காரர்கள் கொசுவைச் சொன்னார்கள், பெருச்சாளியைச் சொன்னார்கள். கரீம் பாய் மணல் மூட்டையைக் கையில் வைத்தபடி தலையைக் குனிந்துகொண்டார்.

"நம்ம கட எதிர்ல கீறது நான் அடச்சது மேடம். எலி பூந்து பஞ்சுல குட்டி போட்டுக்கினே இருந்துச்சு. நம்மளப் பாத்துதான் மத்தவங்களும் பூசுனாங்க."

இந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்? நான் கடப்பாரையைப் பிடுங்கினேன். எல்லாத் துளையையும் உடைத்துவிட வேண்டும், பாயின் பஞ்சு தப்ப வேண்டும், என் மானமும் சேர்ந்து தப்ப வேண்டும். தெருவில் ஆளுக்கொரு சுத்தியலோடு இறங்கிவிட்டார்கள். அதற்குள் வீட்டுக்காரர் அந்தப் பகுதி உதவிப் பொறியாளருக்குப் போன் போட்டு என் காதில் வைத்தார். வேலைக்கு வந்து அதிக நாள் ஆகாத பெண். உங்கள் வயதுதான் இருக்கும். வேறு தெருவில் பம்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள், இரைச்சலில் பாதிதான் கேட்டது. நான் மூச்சுவிடாமல் நடந்ததைச் சொன்னேன். உடைக்கப் போகிறேன் என்றேன்.

அவள் என்னை மறுக்கவில்லை, அனுமதியும் தரவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்தக் கோடி திறந்திருக்கா மேடம்?"

கை அப்படியே நின்றுவிட்டது. இந்த வடிகாலில் இதுவரை தண்ணீரே ஓடியதில்லை. அப்படியானால் மறுகோடியில், தெருவுக்கு அப்பால் ஓடும் பெரிய கால்வாயில் அது போய் விழுகிறதா என்று யாருக்குத் தெரியும்? கால்வாயை ஒட்டி இந்தத் தெருவைவிடத் தாழ்வான வீடுகள் இருக்கின்றன. வாய் அடைத்திருந்தால், நான் இங்கே திறந்துவிடும் தண்ணீர் முழுவதும் அந்த வீடுகளில் பொங்கும். பாயின் பஞ்சைக் காப்பாற்ற அடுத்தவர் வீட்டுச் சமையலறையை மூழ்கடித்திருப்பேன். உடன் இருந்த யாரும் யோசிக்காததை, அந்த இடத்திலேயே இல்லாத ஒரு பெண் யோசித்தாள். ஏனென்றால் அவள் இந்த வடிகாலைக் காதலிக்கவில்லை.

ஒரு துளையை மட்டும் உடைக்கச் சொன்னேன். பாய் தானே வந்து, தான் பூசிய பூச்சைத் தானே உடைத்தார். மற்றவர்களைச் சுத்தியலைக் கீழே வைக்கச் சொன்னேன். வீட்டுக்காரரைக் கால்வாயோரம் அனுப்பினேன். பழம் வந்தால் போன் பண்ணு, வராவிட்டாலும் பண்ணு என்றேன். தண்ணீர் துளைக்குள் கொப்பளித்து இறங்கியது. மாலை முதலில் அசைந்தது. பிறகு எலுமிச்சம்பழம் ஒரு சுற்றுச் சுற்றி, இருட்டுக்குள் போய்விட்டது.

அப்புறம் காத்திருந்தோம். என் வாழ்நாளில் நான் செய்ததிலேயே கடினமான வேலை அதுதான். தெரு முழுக்க ஆட்கள், கையெட்டும் தூரத்தில் சுத்தியல், எதிரே பாயின் மகள் மூட்டையை இழுத்துக்கொண்டு படியேறுகிறாள். நான் ஒன்றும் செய்யாதே என்று சொல்லிக்கொண்டு நிற்கிறேன்.

"மேடம், தண்ணி படி ஏறிடுச்சு," என்றார் பாய்.

"பொறுங்க பாய்."

"இன்னும் ஒரு ஓட்ட மட்டும் ஒடச்சிக்கட்டா?"

"வேணாம் பாய். அங்க வூடுங்க கீது."

பாய் என் முகத்தைப் பார்த்தார். என்னை நம்பித்தான் அவர் இந்த நிலைக்கு வந்தார். மறுபடியும் நம்பச் சொல்லிக் கேட்கிறேன். அவர் சுத்தியலைத் தூக்கவில்லை. அதற்காக அவருக்கு நான் எத்தனை மாலை போட்டாலும் தகும்.

போன் அடித்தது.

"எலுமிச்சம்பழம் வர்லமே," என்றார் வீட்டுக்காரர். அவர் அதோடு நிறுத்தி ஒரு மூச்சு விட்டார். கிரேன்காரர்களுக்கு எதையும் தொங்கவிட்டே இறக்கிப் பழக்கம். "நீ போட்ட மால வருது. இன்னா அழகா வருது தெரியுமா. ஊர்வலம் கணக்கா... இரு இரு, பின்னாலயே பழமும் வந்துடுச்சி."

"உடைங்க," என்றேன்.

தெருவே உடைத்தது. பூசியவர்களே உடைத்தார்கள் என்பதால் எங்கே அடித்தால் பெயரும் என்று அவரவருக்குத் தெரிந்திருந்தது. தண்ணீர் இறங்க ஆரம்பித்த சத்தத்தை நான் எந்தக் கச்சேரிக்கும் மாற்றிக்கொள்ள மாட்டேன். கீழ் வரிசையில் சில மூட்டைகளின் அடி நனைந்தது. மற்றதெல்லாம் தப்பியது. விடுதிக்கு மெத்தை போய்ச் சேர்ந்தது.

மழை விட்டபிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் அதே மூடியைத் திறந்தேன். உள்ளே சேறு, ஒற்றைச் செருப்பு, பால் பாக்கெட், அழுகிய இலை. சுவரில் தண்ணீர் ஓடிய உயரத்துக்குக் கறுப்பாக ஒரு கோடு. குடலைப் புரட்டும் வாடை. நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"கலீஜாக் கீது. இதுக்குப் போயி இன்னாத்துக்கு அய்வுற?" என்றார் வீட்டுக்காரர்.

"வேலை செஞ்சிருக்குய்யா இது."

ஆகவே, உங்களுக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். வடிகால் பாருங்கள். விடுமுறையில் பாருங்கள், தூக்குச் சட்டியில் இட்லி கட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். ரசிக்கத் தெரியாதவன் நல்ல வடிகால் கட்டமாட்டான். ஆனால் வெயிலில் பார்த்துவிட்டுப் பரிசு கொடுக்காதீர்கள். வெயிலில் எல்லா வடிகாலும் நல்ல பிள்ளைதான். மழையில் போய்ப் பாருங்கள், நனையுங்கள், அழுக்கைத் தேடுங்கள். அப்புறம், நீங்கள் ரொம்ப விரும்பும் ஒன்றைப் பற்றி முடிவெடுக்கும்போது, அதைப் பார்த்தே இராத ஒருவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பாய் பரிசைப் பற்றி ஒரே ஒரு விண்ணப்பம் வைத்திருக்கிறார். அடுத்த வருஷம் அதைத் தயவுசெய்து பக்கத்துத் தெருவுக்குக் கொடுத்துவிட வேண்டுமாம். துளைகளுக்கு இப்போது கம்பி வலை போட்டாயிற்று. தண்ணீர் போகிறது, எலி வருவதில்லை. அந்த வேலையைப் பார்க்க வந்த உதவிப் பொறியாளர் பெண், கடைக்குள் போய் ஒரு டீ குடித்திருக்கிறாள். பாயின் மேசைமேல் ஒரு கண்ணாடி டம்ளர் கவிழ்த்து வைத்திருந்ததாம். உள்ளே காய்ந்து சுருங்கிய ஓர் எலுமிச்சம்பழம். வீட்டுக்காரர் அன்றைக்குக் கால்வாயில் இறங்கி எடுத்து வந்தது.

"என்ன பாய் இது, திருஷ்டிக்கா?" என்று கேட்டிருக்கிறாள்.

"சேச்சே, நம்ம கடையில அந்தப் பழக்கமெல்லாம் கெடயாதும்மா," என்றாராம் கரீம் பாய். "இது டெஸ்ட் ரிப்போர்ட்டு."